செய்து பார்க்கும் இயற்கை அறிவியல்: ஓமந்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

ஓமந்தூர், விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் கடற்கரைக்கும் இடையே உள்ள சிற்றூர். ஓ. பி. இராமசாமி ரெட்டியார் (1895–1970) பிறந்த ஊர் என்பதால் தமிழகம் முழுவதும் இப்பெயர் தெரியும். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக, அன்றைய வழக்கில் பிரதமராக, இருந்தவர் அவர். இவ்வூரைச் சுற்றியுள்ள நிலம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிழக்கே கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பும் மரக்காணத்து உப்பளங்களும் இருக்கின்றன. மறுபக்கம் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருவக்கரைக் கல்மரங்கள். இடையில் ஏரி, பனந்தோப்பு, மானாவாரி நிலம். ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ இயற்கை அறிவியல் கற்பிக்க இதைவிட வேறு ஆய்வகம் வேண்டியதில்லை.

ஆனாலும் இவ்வட்டாரப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கல்மரத்தைப் பாடநூல் படத்தில்தான் முதலில் பார்க்கிறார்கள். பிள்ளைகள் தம் கையால் செய்து, தம் கண்ணால் பார்த்து அறிவியல் கற்க வேண்டும் என்னும் கருத்து தமிழகத்துக்கு நூறாண்டுகளாகத் தெரியும். பல முறை அது பள்ளிக்குள் வந்தது. வந்த ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணத்தால் ஓரமாக ஒதுங்கியது. அந்த வரவையும் ஒதுக்கத்தையும் இக்கட்டுரை சொல்கிறது.

பள்ளிக்கு வெளியே இருந்த அறிவியல்

இத்தகைய கட்டுரைகளைச் சங்கப் பாடலில் இருந்து தொடங்குவது வழக்கம். திண்டிவனத்தை உள்ளடக்கிய ஓய்மாநாடு சிறுபாணாற்றுப்படையில் பாடப்பட்டது உண்மைதான். என்றாலும் புலவரின் கூர்ந்த பார்வை வேறு, பிள்ளைகளுக்கான கல்வி முறை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுத்தும், எண்சுவடியும், மனப்பாடமும் இருந்தன. இயற்கை அங்கே பாடமாக இல்லை. அது திண்ணைக்கு வெளியே, மாடு மேய்க்கும் இடத்தில் இருந்தது. நுங்கு தின்று முடித்த பனங்கூந்தலில் குச்சி செருகி வண்டி ஓட்டிய பிள்ளை, சக்கரமும் அச்சும் எப்படி இயங்குகின்றன என்பதைக் கையால் அறிந்துகொண்டது. பூவரசு இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கி ஊதினால் பீப்பி. இலையின் விளிம்பு அதிர்வதால் ஒலி பிறக்கிறது என்பதும், நீளம் குறைந்தால் சுருதி ஏறும் என்பதும் அதில் அடக்கம். காட்டாமணக்கின் காம்பை ஒடித்து, அதில் ஊறும் பாலைப் புல்வளையத்தில் ஏந்தி ஊதினால் குமிழி பறக்கும். அதன் மேல் தெரியும் வானவில் நிறங்கள் மெல்லிய படலத்தில் ஒளி பட்டு மீள்வதால் வருபவை. மழைக்குப் பின் வரப்பில் முளைத்திருக்கும் செடியின் காய்ந்த பட்டாசுக் காயை எச்சில் தொட்டுக் கையில் வைத்தால் சட்டென்று வெடித்து விதை சிதறும். அது விதை பரவும் முறை. அந்தச் செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது என்பது பல பெரியவர்களுக்கே தெரியாது.

பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து வளர்த்த தலைமுறை எங்களுடையது. அது முட்டையிடும் என்று காத்திருந்ததும் உண்டு. இன்று இயற்கைச் சங்கங்கள் பிடிக்காமல் பார்க்கச் சொல்கின்றன, அதுவே சரி. முதல் மழையில் தரையில் ஊரும் செந்நிற வெல்வெட் பூச்சியைக் கையில் எடுக்காமலே கால்களை எண்ணலாம். எட்டு இருக்கும். ஆகவே அது பூச்சியே அன்று, சிலந்தியின் உறவு.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பாவது காரத்தைக் காட்டும் சோதனை. அதிலேயே எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மஞ்சள் நிறம் திரும்பி வரும். திருமணத்தில் விடும் பாலிகையும் கோயிலுக்கு எடுக்கும் முளைப்பாரியும் விதை முளைக்கும் திறனைப் பார்க்கும் வழிகளாகவும் இருந்தன. முளைப்பாரியை இருட்டறையில் வைப்பதால் பச்சையம் உருவாகாமல் நாற்று வெளிர்மஞ்சளாக, ஒல்லியாக உயர்ந்து வளர்கிறது. ஒரு தொட்டியை இருட்டிலும் இன்னொன்றை வெயிலிலும் வைத்துப் பார் என்று யாராவது சொல்லியிருந்தால் அது முழுமையான ஆய்வாகியிருக்கும். அந்தக் கடைசி ஒரு படியைத்தான் பள்ளி சேர்த்திருக்க வேண்டும்.

இயற்கைப் பாடம்

அமெரிக்காவில் 1890-களில் வேளாண்மை நலிந்து, மக்கள் கிராமங்களை விட்டு நகரங்களுக்குப் போகத் தொடங்கினர். சிற்றூர்ப் பிள்ளைகளுக்குத் தம் நிலத்தின் மீது பற்று வரவேண்டும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தார் இயற்கைப் பாட இயக்கத்தை வளர்த்தனர். அதில் முன்னின்ற அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக் 1911-இல் ஆசிரியர்களுக்காக ஒரு பெருங்கையேட்டை வெளியிட்டார். பிரிட்டனிலும் இதே போக்கு பரவியது. அங்கிருந்து சென்னை மாகாணத்தின் பாடத்திட்டத்துக்கும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்கும் இயற்கைப் பாடம் வந்து சேர்ந்தது.

வந்த சரக்கு நல்லது. ஆனால் எடுத்துக்காட்டுகள் அயல்நாட்டவை. குளிர்நாட்டுப் பூவையும் பறவையையும் கொண்டு விளக்கினால் திண்டிவனத்துப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? இந்தக் குறையை நீக்க முயன்றவர்களும் இருந்தார்கள். கோவை வேளாண் கல்லூரியில் பணியாற்றிய க. ரங்காச்சாரி, சி. தடுலிங்க முதலியாரின் துணையோடு 1921-இல் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேடு அத்தகையது. வயல் வரப்பிலும் சாலை ஓரத்திலும் மிதிபடும் புல்லைப் பெயர் சொல்லி, பகுத்து, படம் வரைந்து காட்டிய நூல். அது ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் அறிவியலை எல்லோருக்கும் விளங்க எழுதும் பணியைப் பெ. நா. அப்புசுவாமி (1891–1986) போன்றவர்கள் மேற்கொண்டனர். அப்புசுவாமி தொழிலால் வழக்கறிஞர்.

வகுப்பறையில் நடந்தது வேறு. ஆசிரியர் கரும்பலகையில் அவரை விதையை வரைவார். பிள்ளைகள் சிலேட்டில் வரைவார்கள். தோட்டத்தில் அவரை காய்த்துக் கொண்டிருக்கும். இந்தக் காட்சி என் மாணவப் பருவத்திலும் இருந்தது. நான் ஓய்வு பெறும் காலத்திலும் முற்றிலும் மறையவில்லை.

கொடைக்கானலில் மாண்டிசோரி

இந்த வரலாற்றில் பலரும் மறந்துவிட்ட பக்கம் ஒன்று தமிழ் மண்ணிலேயே நடந்தது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று 1939-இன் இறுதியில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். சில மாதம் பயிற்சி நடத்திவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், அவரும் மகன் மாரியோவும் பிரிட்டிஷ் அரசின் கண்ணில் பகைநாட்டார் ஆயினர். மாரியோ சிறைவைக்கப்பட்டார், அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறத் தடை. அவருடைய எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி 1940 ஆகஸ்டில் மகனை விடுவித்தனர். ஆயினும் நாட்டை விட்டுச் செல்ல முடியவில்லை.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் வாழ்ந்தனர். அங்கே பல வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சிறு பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அதில் துணை நின்றார். அதுவரை மாண்டிசோரி முறை என்றால் மரத்துண்டுகள், மணிகள், எழுத்தட்டைகள் ஆகியவைதான் நினைவுக்கு வரும். கொடைக்கானலிலோ பிள்ளைகள் மலைச்சரிவில் நடந்து இலை, பாசி, பூச்சி, நீர்வாழ் உயிர் என்று தேடிப் பார்த்தனர். அவற்றை வகைப்படுத்தக் கருவிகளும் அட்டைகளும் உருவாயின. ஒரு செடியைத் தனியாகப் படிப்பதை விட, மண், நீர், பூச்சி, மனிதன் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைப் பிள்ளை உணரவேண்டும் என்னும் அவருடைய பிரபஞ்சக் கல்விக் கருத்து இங்கேதான் உரம் பெற்றது. அதை விளக்கும் அவர் நூல்களுள் ஒன்றை அடையாற்றுக் கலாக்ஷேத்ரா 1948-இல் வெளியிட்டது. 1946-இல் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார்.

உலகின் பல நாட்டு மாண்டிசோரிப் பள்ளிகளில் இன்று நடக்கும் உயிரியல் பாடத்தின் விதை பழனி மலையில் போடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அந்த மரம் தமிழகத்தின் கிராமப் பள்ளிகளில் நிழல் தரவில்லை. நகரங்களில் கட்டணம் செலுத்தக்கூடியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அம்முறை கிட்டியது. மலைச்சரிவில் இலவசமாகக் கிடைத்த பாசியை விட்டுவிட்டு, விலை உயர்ந்த மரக்கருவிகளை வைத்துக்கொண்டோம்.

ஓமந்தூரார் ஆட்சியும் ஆதாரக் கல்வியும்

காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டம் 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் பிறந்தது. பாடத்திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவின் அமைப்பாளராகச் செயல்பட்டவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம். பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவும் குழுவில் இருந்தார். ஆதாரக் கல்வி என்றால் இராட்டையில் நூற்பது மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அக்குழு வகுத்த பொது அறிவியல் பகுதியில் இயற்கைப் பாடம், தாவரவியல், விலங்கியல், உடலியல், சுகாதாரம், வேதியியல், விண்மீன்களை அறிதல், கண்டுபிடிப்பாளர்களின் கதைகள் எல்லாம் இருந்தன. ஏழு வயதுப் பிள்ளை விண்மீனைப் பார்க்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எழுதிய குழு அது!

ஓமந்தூரார் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம். கோவை இராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930-இல் தொடங்கியவர்; காந்தியக் கல்வியில் உறுதியான நம்பிக்கை கொண்டவர். அவர் காலத்தில் ஆதாரக் கல்வி மாகாண அளவில் ஊக்கம் பெற்றது; உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாகப் பரவியது. இரண்டாவது செய்தி இங்கே முதன்மையானது. பிள்ளை தான் பார்த்ததைத் தன் மொழியில் சொல்ல முடியாவிட்டால் கூர்ந்து பார்ப்பதற்கே பொருளில்லை. ‘இலை வாடியது’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் அது பார்ப்பதை விட்டுவிட்டு மனப்பாடத்துக்குப் போய்விடும்.

அவினாசிலிங்கம் 1946-இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் கலைக்களஞ்சியப் பணியை மேற்கொண்டது. பெரியசாமித் தூரன் (1908–1987) முதன்மை ஆசிரியர். அவர் அரசியல்வாதியோ ஆய்வகத்தில் இருந்தவரோ அல்லர்; அவினாசிலிங்கத்தின் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். 1954-இல் முதல் தொகுதி வந்தது; 1968-இல் பத்தாம் தொகுதியோடு நிறைவு பெற்றது. உடனே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கி 1976-க்குள் அதிலும் பத்துத் தொகுதிகளை முடித்தார். சிற்றூர் நூலகத்தில் அந்தப் படங்களைப் புரட்டிய பிள்ளைக்குத் தும்பியின் வாழ்க்கை வட்டம் தமிழிலேயே கிடைத்தது. இன்று தமிழில் திறந்த கட்டுரைகளை எழுதும் நாம் அனைவரும் அந்த ஆசிரியருக்குக் கடன்பட்டவர்கள்.

ஓமந்தூரார் தாமே பெரிய கல்வித் தத்துவம் எதையும் எழுதவில்லை. உழவர் குடியில் பிறந்தவர், வள்ளலார் நெறியில் நின்றவர், பதவி விலகிய பின் வடலூரில் தொண்டு செய்தவர். அவருடைய ஆட்சி நீடித்ததே இரண்டு ஆண்டுதான்.

கைவேலைக்கு வந்த பழி

ஆதாரக் கல்வி ஏன் தழைக்கவில்லை? நகரத்துப் பெற்றோர் விரும்பவில்லை, பயிற்சி பெற்ற ஆசிரியர் போதவில்லை, உயர்கல்விக்கு அது வழி திறக்கவில்லை என்பவை நாடு முழுவதற்கும் பொதுவான காரணங்கள். தமிழகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1953-இல் இராஜாஜி அரசு தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அத்திட்டம். சாதியோடு தொழிலைக் கட்டிப்போடும் குலக்கல்வி என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து. பள்ளியில் கழிக்க வேண்டிய நேரத்தை மீண்டும் அதே ஏருக்கும் செருப்புக்கும் அனுப்பினால் எந்த ஏழைத் தாய் ஒப்புவாள்? ஆனால் அதன் பக்க விளைவாக, பள்ளியில் கையால் செய்யும் எதுவும் ‘நம்மைப் படிக்கவிடாமல் செய்யும் சூழ்ச்சி’ என்னும் ஐயம் பல்லாண்டு தங்கிவிட்டது. மண்ணைத் தொடுவது இழிவு, புத்தகத்தைத் தொடுவதே கல்வி என்று ஆனது. தலைமுறை தலைமுறையாக மண்ணில் உழைக்க வைக்கப்பட்டவர்களிடம் இதைக் குறையாகச் சொல்லவும் முடியாது. தோட்டப் பாடவேளையில் ஒரு சாராரின் பிள்ளைகளை மட்டும் களை பறிக்க விட்ட பள்ளிகள் இருந்தன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஓசங்காபாத்தும் வால்வு டியூபும்

மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நட்புறவு ஊரக மையம் ஆகிய இரு அமைப்புகள் முன்னெடுத்தன. பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஆய்வு நிறுவன அறிவியலாளர்களும் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து பாடங்களை உருவாக்கினர். ரசூலியாவுக்கு ஒரு தமிழ்நாட்டு இழை உண்டு. 1928-இல் சென்னைக்கு ஆசிரியையாக வந்து, பின் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, கோத்தகிரியில் பல்லாண்டு வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் பிற்காலத்தில் அந்த மையத்தில்தான் இருந்தார்.

1978-இல் மாவட்டம் முழுவதும் பரவிய இத்திட்டத்தின் சிறப்பு செய்முறைப் பெட்டியில் இல்லை. தேர்வில் இருந்தது. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு. அதனுடன் செய்முறைத் தேர்வு. மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை. பாடத்தை மாற்றியவர்கள் உலகில் பலர். தேர்வையும் சேர்த்து மாற்றியவர்கள் மிகச் சிலர். முப்பதாண்டு ஓடிய இத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது.

அங்கே வந்து போன இளம் பொறியாளர் அரவிந்த் குப்தா. வாரச்சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு முக்கோணம், சதுரம், நான்முகி என்று இணைத்துக் காட்டினார். முக்கோணத்தை அழுத்தினால் வடிவம் மாறாது, சதுரம் சாய்ந்துவிடும். கூரைக் கைமரத்தில் ஏன் முக்கோணம் என்று எந்தத் தச்சரும் சொல்லிவிடுவார். இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். குப்பையிலிருந்து பொம்மை என்னும் அவர் வழிமுறை நாடெங்கும் பரவியது. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் செய்தவை, பனங்கூந்தல் வண்டிக்கும் பூவரசு பீப்பிக்கும் நெருங்கிய சொந்தம்.

துளிர் வந்தது

கேரளத்தில் 1962-இல் தோன்றிய சாஸ்திர சாகித்திய பரிஷத், 1970 முதல் யுரேகா என்னும் சிறுவர் இதழை நடத்தி வந்தது. அதன் தாக்கம் தமிழகத்திலும் விழுந்தது. 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் உருவானது. 1987-இல் நாடு முழுவதும் மக்கள் அறிவியல் கலைப்பயணம் நடந்தது. அதே ஆண்டில் ‘துளிர்’ சிறுவர் இதழ் வெளிவரத் தொடங்கியது. வழவழப்பான தாள் இல்லை, விளம்பரம் இல்லை. செய்து பார், ஏன் எதற்கு, புதிர் என்று ஒவ்வொரு இதழும் பிள்ளையை எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வரச் செய்தது. கிராமத்து ஆசிரியர்களுக்கு அது பாடக்குறிப்பாகவும் பயன்பட்டது. அடுத்து வந்த அறிவொளி இயக்கம், இந்தத் தொண்டர்களை இரவுப் பள்ளிகளுக்கும் தெருக்களுக்கும் கொண்டு போனது.

1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை அளிக்கலாம். இதுவே இதுவரை வந்தவற்றுள் மிகச் சரியான வடிவம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏரி ஏன் தூர்ந்தது, கிணற்று நீர் எப்போது உவர்ப்பானது, நம் தெருவில் எத்தனை வேம்பு என்பன போன்ற கேள்விகளுக்கு விடைத்தாள் எங்கும் விற்பதில்லை. வழிகாட்டும் ஆசிரியரே அறிக்கையை எழுதித் தரும் நோய் இதிலும் உண்டு. இருந்தாலும், வீடு வீடாகப் போய்க் கேட்ட பிள்ளையின் குரலில் அது தெரிந்துவிடும். நடுவர்கள் முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வகுப்பறைக்குள் அட்டைகளும் மதிப்பெண்ணும்

ஆந்திரத்தின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை வழிக் கற்றலைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் ஆட்சிப்பணி அலுவலர் எம். பி. விஜயகுமார். 2007 வாக்கில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்தனர். ஆசிரியரின் நாற்காலி நகர்ந்தது. அச்சம் குறைந்தது கண்கூடு. ஆனால் இயற்கை அறிவியலைப் பொறுத்தவரை, இலையைப் பார் என்று சொல்லும் அட்டையை நிரப்பிவிட்டு அடுத்த அட்டைக்குப் போகும் பழக்கமே மிகுந்தது.

2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையுடன் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. நூற்றுக்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு. அதில் பாதி செயல்பாடுகளுக்கு. ஓசங்காபாத்துக்காரர்கள் கேட்டது கிடைத்தது போலத்தான் இருந்தது. விரைவிலேயே பள்ளி வாசலில் உள்ள எழுதுபொருள் கடைகளில் ‘செயல்திட்டப் படங்கள்’ ஐந்து ரூபாய்க்குத் தாள் தாளாகத் தொங்கத் தொடங்கின. வேரின் வகைகள், இலையின் வகைகள், பறவைகள். வெட்டி ஒட்டினால் மதிப்பெண். முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு முருங்கை இலைப் படத்தை விலைக்கு வாங்கிய பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று இதே வட்டாரத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. மாலை நேரத்தில் தெருத் திண்ணையிலும் மரத்தடியிலும் தன்னார்வலர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்தனர். திண்ணைப் பள்ளி திரும்பி வந்தது போலிருந்தது. இம்முறை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 28 அன்று திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குக் கருத்தாளர்கள் செய்முறைப் பொருள்களுடன் நேரில் சென்று சோதனை செய்து காட்டும் திட்டம் இது. கருத்தாளர் போன பின் அந்தச் சோதனையைப் பிள்ளை தானாக ஒருமுறை செய்கிறதா என்பதைக் கொண்டே இதை மதிப்பிட வேண்டும்.

கழுவெளியும் கல்மரமும்

ஓமந்தூருக்குத் திரும்புவோம். கழுவெளி, தமிழகத்தில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் நிலை. இடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலோடு தொடர்புடையது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றிவிடும். 2021 டிசம்பரில் ஏறத்தாழ 5,150 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனத்தினர் இதன் அருகே நடுக்குப்பத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சூழல் கல்வி அளித்து வருகிறார்கள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் எந்தப் பிள்ளையும் சேரலாம். 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்து இணையத்தில் பதிய வேண்டும். அவ்வளவுதான். காக்கையும் மைனாவும் கணக்கில் உண்டு.

மரக்காணத்து உப்பளத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாம். ஒரு லிட்டர் கடல்நீரைத் தாம்பாளத்தில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, மொட்டை மாடியில் வைத்தால் நீர் போய் ஏறத்தாழ 35 கிராம் உப்பு மிஞ்சும். அதையே கழுவெளி நீரில் கார்த்திகையிலும் பங்குனியிலும் செய்தால் எடை மாறும். ஏன் என்ற கேள்வியை நாம் கேட்க வேண்டியிராது, பிள்ளையே கேட்கும்.

திருவக்கரைக் கல்மரங்களை அரக்கனின் எலும்புகள் என்று ஊரார் சொல்வதுண்டு. திருமால் வதைத்த வக்கராசுரனின் எலும்புகளாம். 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா இவற்றைப் பதிவு செய்தார். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வண்டலில் புதைந்த மரங்களின் திசுக்களில் மணற்சத்தான சிலிக்கா ஏறிக் கல்லானவை இவை. இன்று தேசியப் புவியியல் சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்பவர் வழிகாட்டிப் பலகையைப் படித்துக் காட்டத் தொடங்கினால் காரியம் கெட்டது. எலும்பா மரமா என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். இழை ஓடும் திசை, கணு, பட்டை இருந்த தடம் என்று அவர்களே ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். கதையை இழிவுபடுத்தவும் தேவையில்லை. கல்லுக்குள் ஓர் உடல் இருக்கிறது என்று கதை சொன்னவரும் கவனித்திருக்கிறார். தொட்டுப் பார்க்கலாம்; சுரண்டவோ துண்டு எடுத்துவரவோ கூடாது.

கடைசியாக, காசே செலவில்லாத ஒன்று. ஓமந்தூர், திண்டிவனம் பகுதியின் அட்சரேகை ஏறத்தாழ 12 பாகைக்குச் சற்று மேல். அதனால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 21, 22 வாக்கிலும் ஆகஸ்ட் 20, 21 வாக்கிலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி, செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே மறையும். அதே நாள் நண்பகலில் நாகர்கோவிலில் ஒரு மீட்டர் கம்பின் நிழல் சுமார் 7 சென்டிமீட்டர் இருக்கும். கோணம் 4 பாகை. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள தொலைவு ஏறத்தாழ 450 கிலோமீட்டர். 4 பாகைக்கு 450 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு என்று ஏழாம் வகுப்புக் கணக்குப் போட்டால் பூமியின் சுற்றளவு, 40 ஆயிரத்தை ஒட்டிய எண், கையில் வந்துவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தில் எரடோஸ்தனீஸ் செய்தது இதைத்தான். இரண்டு பள்ளிகளும் ஒரு தொலைபேசியும் போதும். ஏப்ரல் நாள் ஆண்டுத் தேர்வோடு மோதும் என்பதால், வானம் சற்று மேகமாக இருந்தாலும் ஆகஸ்ட் நாளையே பள்ளிகள் தேர்ந்தெடுப்பது நல்லது. முதல் நாளில் மேகம் மூடினால் மறுநாளும் பார்க்கலாம். நிழல் சில மில்லிமீட்டர்தான் வேறுபடும்.